காலபோக அறுவடைக்குப் பின் முட்டு அடங்கவில்லை: பூஞ்சணம் காரணமாகுமா?

வயற்கரை (கிளிநொச்சி):
எனது அண்ணாவுக்குச் சிறு வயது முதலே முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உண்டு. இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல்லை அறுத்து, மழையில் நனைந்த வைக்கோலை மாட்டுக்கென்று கொட்டிலில் அடைத்து வைத்த பிறகு, வழமையான இன்ஹேலருக்கு இழுப்பு அடங்கவில்லை. இருமும்போது மண்ணிறத்தில் தடித்த சளிக்கட்டிகள் வருகின்றன. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால் காசநோயென்று சந்தேகித்துச் சளியைப் பரிசோதித்தார்கள், கிருமி காணப்படவில்லை. வைக்கோற் பூஞ்சணம் நுரையீரலை இவ்வளவு பாதிக்குமா? சிறு பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் தொற்றுமோ என்ற பயமும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி (வவுனியா):
பிள்ளை, நான் நினைக்கும் ஏ.பி.பி.ஏ. (அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணத்துக்கான ஒவ்வாமையால் வரும் நுரையீரல் நோய்) ஆக இருந்தால் அது யாருக்கும் தொற்றாது. நீங்கள் எழுதியவற்றுள் அந்த மண்ணிறச் சளிக்கட்டியைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சணம் மக்கும் வைக்கோலிலும் எருவிலும் தாராளமாக வளர்வது. அதன் வித்திகள் 2 முதல் 3 மைக்ரோமீற்றர் அளவே இருப்பதால் மூச்சோடு ஆழம்வரை செல்லும், உடற்சூட்டிலும் முளைக்கும். பெரும்பாலானோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கோ அது மூச்சுக்குழாய்ச் சளியில் தங்கிவிட, உடல் அதற்கெதிராக அளவுமீறிக் கிளர்ந்து, சளி கட்டியாகிக் குழாய்களை அடைத்து, கவனிக்காமல் விட்டால் அக்குழாய்கள் மீளாதபடி விரிந்துவிடுகின்றன. 1952இல் பிரித்தானியாவில் விவரிக்கப்பட்ட நோய் இது. காசநோய் மிகுந்த நாடுகளில் எக்ஸ்ரே நிழலைப் பார்த்துக் காசநோயென்றே எண்ணிவிடுவதும் நடக்கிறது. குருதியில் மொத்த ஐஜிஈ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்), அஸ்பெர்ஜிலசுக்குரிய ஐஜிஈ, ஈசினோபில் (ஒருவகை வெண்குருதிக் கலம்) எண்ணிக்கை, தேவையானால் சீ.ரி. ஸ்கான் ஆகியவை பற்றி மார்புநோய் வைத்தியரிடம் கேளுங்கள். இந்நோயென்று கொள்ள மொத்த ஐஜிஈக்கு முன்பு மில்லிலீற்றருக்கு 1000 சர்வதேச அலகு என்றிருந்த எல்லை, இப்போது 500 எனக் குறைக்கப்பட்டிருக்கிறது.

நெடுங்கேணியான்:
வைக்கோலைக் கிளறி நாலு முதல் எட்டு மணித்தியாலங்களுக்குப் பிறகு காய்ச்சலும் குளிரும் இருமலும் வருகின்றனவா என்றும் கவனியுங்கள். அவ்வாறானால் அது ‘விவசாயி நுரையீரல்’ எனப்படும் வேறொரு ஒவ்வாமை. ஆஸ்துமா இல்லாதவருக்கும் வரும், அதில் ஐஜிஈ கூடுவதில்லை. எதுவாயினும் அந்தக் கொட்டிலை அண்ணா துப்புரவாக்கக் கூடாது. முகத்தில் துவாய் கட்டினால் போதும் என்பார்கள், இவ்வளவு நுண்ணிய வித்திகளை அது தடுக்காது; வேறொருவர், அவரும் என்95 முகக்கவசம் அணிந்தே, அகற்றட்டும். நெல்லையும் ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கும்வரை காயவிட்ட பின்பே மூட்டை கட்டுங்கள்.

வயற்கரை:
நன்றி. காய்ச்சல் இல்லை, இழுப்பு மட்டுமே. அவர் பாவிப்பது புடெசொனைட் இன்ஹேலர். இரைப்பை எரிவுக்கு ஒமெப்ரசோலும் எடுக்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி:
இரண்டையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்நோய்க்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் அல்லது இட்ராகொனசோல் என்ற பூஞ்சண எதிர்ப்பு மருந்து மாதக்கணக்கில் கொடுக்கப்படும். இட்ராகொனசோல் எடுக்கும்போது, அதுவும் ஒரு ஸ்டீரொயிட்டான புடெசொனைட் உடலில் தேங்கி ஸ்டீரொயிட்டின் பக்கவிளைவுகளைக் கூட்டலாம். ஒமெப்ரசோலோ இட்ராகொனசோல் குளிசை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பிரெட்னிசொலோன் தொடங்கினால், முட்டு குறைந்துவிட்டதென்று அவராக நிறுத்த விடாதீர்கள். அது குருதியில் சீனியைக் கூட்டக்கூடியது என்பதால், சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.