20,000 ரூபாய் மானியத்துக்கு ஸ்மார்ட் டிவி கேட்பதா, கோரை கேட்பதா?

பொருநை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, 41 பிள்ளைகள். நாலு, ஐந்து வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்க்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று மூன்றும் என் தலையில்.

எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சின்னதாக ஒரு மானியம் கொடுக்கப் போகிறார்களாம். பள்ளிக்கு 20,000 ரூபாய் வரை. கட்டடம், பெயிண்ட், பெஞ்சு எதுவும் கூடாது. வகுப்பில் பிள்ளைகள் கையால் எதையாவது செய்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும்.

எங்கள் சாருக்கு ஸ்மார்ட் டிவி வாங்க ஆசை. "பக்கத்து ஊர் நர்சரிக்காரன் அதைக் காட்டித்தானே நம்ம பிள்ளைகளை வேனில் ஏத்திட்டுப் போறான்" என்கிறார். ஜூன் மாதம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்கிறவர் அவர்தான். அதனால் அந்தப் பேச்சை லேசாகத் தள்ள முடியவில்லை.

என் எண்ணம் வேறு. பத்தமடை எங்களுக்கு எட்டுகிற தூரம். அங்கே பாய் நெய்கிற அக்கா ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து, கோரையை வைத்துக் கணக்கு நடத்தலாம் என்று நினைக்கிறேன். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, இரண்டு ஓரத்திலும் பல் பல்லாக நறுக்கி, நூல் கட்டிச் சின்னத் தறி மாதிரி செய்து பார்த்தேன். காய்ந்த கோரை பிள்ளைகள் கையில் ஒடிகிறது. ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுத்தால் சொன்னபடி வளைகிறது.

முதலில் ஒன்று மேலே, ஒன்று கீழே. அது எல்லாருக்கும் வந்துவிட்டது. அப்புறம் இரண்டு மேலே, ஒன்று கீழே போடச் சொன்னேன். ஒரு வரிசை முடிகிற இடத்தில் எண்ணிக்கையை விடாமல் அடுத்த வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் விதி. ஒருத்தி அட்டையில் 9 நூல், இன்னொருத்தி அட்டையில் 10. பத்து நூல்காரிக்குக் கோடு சாய்ந்து சாய்ந்து அழகாக வந்தது. ஒன்பது நூல்காரிக்கோ எல்லா வரிசையும் ஒரே மாதிரி விழுந்தது. கோரை எங்கேயும் பின்னிக்கொள்ளவில்லை, தொட்டால் உருவிக்கொண்டு வருகிறது. மூன்றாம் வாய்ப்பாட்டையே தட்டித் தடவிச் சொல்கிற பிள்ளை அவள். கொஞ்ச நேரம் இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அவளுக்கு ஒண்ணு மிச்சம் வருது, எனக்கு மிச்சமே இல்ல, அதான் நிக்க மாட்டேங்குது" என்றாள். மூன்றால் வகுத்தால் வருகிற மீதியை இதைவிட நன்றாக நான் எப்படி நடத்த?

இதற்குப் பணம் கிடைக்குமா, இல்லை டிவிதான் எடுபடுமா? இன்னொன்று, பணத்தை என் ஜிபே நம்பருக்கே போட்டுவிடுகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா? பாய் நெய்கிற அக்காவுக்குக் கூலி கொடுத்தால் அவர் பில்லுக்கு எங்கே போவார்?

கடையத்துக்காரன்:

டீச்சர், கோவிச்சுக்காதீங்க, டிவியைக் கேளுங்க. பணம் கொடுக்கிறவங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட ஒரு போட்டோ வேணும். கோரை போட்டோவில் நல்லா விழாது. அதோட, நம்ம பிள்ளைங்க பாய் பின்னுறதையும் பீடி சுற்றுறதையும் வீட்டிலேயே பார்க்கிறாங்க. பள்ளிக்கூடத்துக்கு வந்தும் அதேதானா என்று ஒரு அம்மா கேட்டால் என்ன சொல்லுவீங்க? என் அக்கா மகன் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் பானை வனையக் கற்றுக்கொடுத்தாங்க. "களிமண் மிதிக்கவா அனுப்பினேன்" என்று அத்தான் சண்டைக்கே போயிட்டார்.

ஓய்வு வாத்தியார், நாங்குநேரி:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். கடையத்துத் தம்பி கேட்டது சரியான கேள்வி, அதற்குக் கீழே வருகிறேன். முதலில் டிவி.

அரசே தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை போட்டுக்கொண்டு வருகிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு உங்களுக்கும் வரும். அது வருகிற நேரத்தில், ஊர்க்காரர் கொடுத்த டிவி மூலையில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். உங்கள் சாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மனசு மாறுவார்.

அதைவிடப் பெரிய காரணம் இருப்புப் பதிவேடு. வெளியாட்களுக்கு இது புரியாது. பள்ளிக்கு ஒரு பொருள் வந்த அன்றைக்கே பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிய பிறகு அது உடைந்தாலோ தொலைந்தாலோ தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். மாறுதலில் போகும்போது ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். அதனால் நல்ல மனுஷர்கள்கூட என்ன செய்வார்கள்? பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆய்வுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும். நான் பார்த்த எத்தனையோ பூமி உருண்டைகள் உறையைப் பிரிக்காமலே பழசாகிப் போயின. சின்ன மானியத்தைக் கெடுப்பது களவு இல்லை, அந்தப் பயம்தான்.

ஆகவே தீர்ந்துபோகிற பொருளுக்கும், வந்துபோகிற ஆளுக்கும் பணம் கேளுங்கள். கோரை, நூல், சாயம், அட்டை, கூலி, வண்டி வாடகை. பிள்ளைகள் செலவழிக்கச் செலவழிக்கக் கணக்கு நேராகும், பூட்டி வைக்க ஒன்றும் மிஞ்சாது.

சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு வருடத்துக்கு 500 ரூபாய் துணைக்கருவி மானியம் என்று உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் மார்ச் நெருங்கும்போது எல்லாரும் டவுனில் ஒரே கடையில் போய் நிற்போம். ஒரே பழப் படம், ஒரே உடல் உறுப்புப் படம். ஒன்றியம் முழுக்க ஒரே ஆப்பிள் தொங்கியது. களக்காட்டு வாழையைச் சுற்றி வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் ஆப்பிள் படம் பார்த்தார்கள். என்ன செய்யப் போகிறோம் என்ற யோசனை இல்லாமல் பணம் வந்தால் சார்ட்டாகத்தான் போகும். உங்களுக்கு யோசனை முன்னே வந்துவிட்டது, பணம் பின்னே வருகிறது.

என் காலத்தில் ஒரு நண்பர் உதவியோடு கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பறவைக் கணக்கு எடுத்தோம். 1994இல் சரணாலயமாக அறிவித்த இடம் என்றாலும், அந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். வீட்டு வாசல் மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம்தான் எங்கள் நோட்டு. செலவு வேன் வாடகையும், மத்தியானச் சாப்பாடும், ஒரு பைனாகுலரும். அந்தப் பைனாகுலரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அன்றைக்கே பிள்ளைகள் கழுத்தில் மாட்டிவிட்டேன். கண்ணாடி கீறித்தான் போயிற்று. கீறட்டும்.

இப்போது தம்பி கேட்டதற்கு. பெற்றோர் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். பாய் பின்னப் பழக்குகிறோம் என்று எழுதினால் அந்தக் கோபம் நியாயம். வகுத்தலும் மீதியும் நடத்துகிறோம், கோரை அதற்குக் கருவி என்று எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த 9 நூல், 10 நூல் அட்டைகளை அம்மாக்கள் கையில் கொடுத்து நெய்யச் சொல்லுங்கள். ஏன் ஒன்று நிற்கிறது, ஒன்று உருவுகிறது என்று அந்தப் பிள்ளையே விளக்கட்டும்.

ஜிபே வேண்டவே வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டக் கூடாது என்று அரசு ஊழியர் நடத்தை விதியில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் வாங்கினாலும், நாளைக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போதும். குழுவில் தீர்மானம் போட்டு, பள்ளிக் கணக்கில் வாங்குங்கள்.

ஷார்ஜா நெல்லையான்:

நாங்களும் வேறொரு ஊருக்கு இதே மாதிரி சின்ன அளவில் செய்கிறோம். விண்ணப்பங்களைப் படிக்கிறவர்களில் நானும் ஒருவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"மாணவர்களின் படைப்பாற்றலை வளர்த்து, 21ஆம் நூற்றாண்டுத் திறன்களை மேம்படுத்தி" என்று தொடங்கும் விண்ணப்பத்தை நாங்கள் இரண்டாம் பத்திக்கு மேல் படிப்பதில்லை. அதே வரி நாலு பள்ளியிலிருந்து வரும். உங்கள் கேள்வியில் அந்தப் பிள்ளை "எனக்கு மிச்சமே இல்ல" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விண்ணப்பத்தின் முதல் பத்தியாகப் போடுங்கள். கூடவே இரண்டு அட்டையின் போட்டோ. கடையத்து அண்ணன் சொன்ன போட்டோ ஆசை எங்களுக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் டிவி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் போட்டோ எங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

செலவுப் பட்டியலில் நாங்கள் முதலில் தேடுவது தொடக்க விழாவை. ஃப்ளெக்ஸ், சால்வை, மைக் செட், டீ, வடை என்று ஒரு வரி இருந்தால் மிச்சத்தைச் சந்தேகத்தோடுதான் படிப்போம். ஒருமுறை சால்வைக்குக் கேட்ட தொகை பிள்ளைகளின் கலர் பென்சிலுக்குக் கேட்டதைவிட அதிகம்.

அமெரிக்காவில் டோனர்ஸ்சூஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பிராங்க்ஸில் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் 2000இல் தொடங்கியது. வகுப்புக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர் இணையத்தில் எழுதுவார், யார் யாரோ பத்து இருபது டாலராகப் போடுவார்கள். ஆனால் பணம் ஆசிரியர் கைக்குப் போகாது. அமைப்பே பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடும். உங்கள் ஊர்க்காரர்களிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். நூலும் சாயமும் அவர்களே கடையில் கட்டி அனுப்பிவிட்டால், உங்களுக்குக் கணக்கு வேலை பாதி குறையும். நம் மாநிலத்தில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளம் வழியாகவும் குறிப்பிட்ட பள்ளிக்குக் கொடுக்கலாம். 20,000 ரூபாய்க்கு அவ்வளவு சுற்ற வேண்டுமா என்பது உங்கள் ஊர்க்காரர்கள் பாடு.

முக்கியமான ஒன்று. வளைகுடாவில் இருப்பவர்கள் இந்திய பாஸ்போர்ட்காரர்கள் என்றால், தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று குடியுரிமை மாறிய ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதைக் கலக்க விடாதீர்கள்.

பொருநை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதைச் சாரிடம் காட்டினேன். இருப்புப் பதிவேடு என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டார். அவர் பீரோவில் என்னென்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்! டிவியை விட்டுவிட்டார், ஆனால் நாலு, ஐந்துக்கும் இதில் பங்கு வேண்டும் என்கிறார். பெரிய பிள்ளைகள் சதுரக் கட்டத்தாளில் வடிவத்தை முதலில் வரைந்து, எத்தனை கோரை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் தரட்டும், அதை வைத்தே வாங்குவோம் என்பது அவர் யோசனை. எனக்குத் தோன்றாத யோசனை.

கேட்கப் போவது 14,000. அதில் பெரும்பகுதி பத்தமடை அக்காவின் கூலியும் பஸ் செலவும். வாரம் ஒரு நாள் வீதம் இரண்டு மாதம் வரச் சம்மதித்துவிட்டார். நெய்கிற நாளில் வருகிறார், அதனால் அன்றைய நெசவுக் கூலி குறையாமல் கொடுக்க வேண்டும். கௌரவம் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தி அனுப்புகிற வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மிச்சம் கோரைக்கும் நூலுக்கும்.

அரசு தருகிற ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் இதைச் செய்யக் கூடாதா என்று தோழி கேட்டாள். எங்களைப் போல 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு விதிப்படி ஆண்டுக்கு 25,000. பத்தில் ஒரு பங்கு துப்புரவுக்கு. மீதியில் கரண்ட் பில், சாக்பீஸ், பைப் ரிப்பேர் என்று பார்த்தால் கோரை வரைக்கும் வராது. அதுவும் ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான்.

அக்காவுக்குக் கூலி கொடுப்பதற்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார், நாங்குநேரி:

அதற்குப் பில் தேவையில்லை, வவுச்சர் போதும். வெள்ளைத்தாளில் தேதி, என்ன வேலை, எத்தனை மணி நேரம், தொகை எண்ணிலும் எழுத்திலும். அந்த அம்மாவின் கையெழுத்து, தலைமையாசிரியர் கையெழுத்து, சாட்சிக்குக் குழு உறுப்பினர் ஒருவர். வந்த அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள், கடைசியில் சேர்த்து எழுத வேண்டாம். 5,000 ரூபாய்க்கு மேல் ஒரே ரசீதாக எழுதினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்க வேண்டும். வாராவாரம் கொடுத்தால் அந்த வேலையும் இல்லை, அந்த அம்மாவுக்கும் கைக்காசு.

கடையத்துக்காரன்:

சரி டீச்சர், தோத்துட்டேன். அந்த 9 நூல் சங்கதியை நேற்று என் மகளை வைத்து நியூஸ்பேப்பர் கீற்றில் செய்து பார்த்தேன், அப்படியேதான் உருவுது. 12 நூலிலும் நிக்கலை. 11இல் நிக்குது, ஆனால் கோடு எதிர்ப்பக்கம் சாயுது. அது ஏன்னு கேட்கிறாள், சொல்லுங்க.