செவ்வாயின் தென்துருவப் பனிக்கு அடியில் இருப்பது ஏரியா, இல்லையா?

வானோடி:
2018 ஜூலையில் ராபர்ட்டோ ஒரோசெய் தலைமையிலான இத்தாலியக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தில் உள்ள மார்சிஸ் ரேடார், செவ்வாயின் தென்துருவப் பனிக்கு சுமார் 1.5 கி.மீ. அடியில் ஓர் இடத்தைக் கண்டது. அகலம் 20 கி.மீ. சுற்றியுள்ள எதையும்விட அங்கிருந்து திரும்பிய எதிரொலி பளிச்சென்று இருந்தது. அது திரவ நீர் என்றார்கள். 2020ல் அதே குழு பக்கத்தில் இன்னும் சில திட்டுகளைக் காட்டியது. அப்போதிலிருந்து மறுப்புக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. என் நிலையை நேராகச் சொல்லிவிடுகிறேன்: அங்கே நீர் இருக்கிறது. அண்டார்க்டிகாவின் பனிக்கடியில் உள்ள ஏரிகளையும் ரேடாரில்தான் பார்த்தோம். 2012ல் வோஸ்டாக் ஏரிவரை துளை போய்ச் சேர்ந்தபோது நீர் இருந்தது. பூமியில் ஏற்றுக்கொண்ட முறையைச் செவ்வாயில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

பனிப்படலம்:
வோஸ்டாக்கை ரேடார் மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யவில்லை. நில அதிர்வு அளவீடு இருந்தது, மேலே பனிப்பரப்பு தட்டையாக இருப்பதைச் செயற்கைக்கோள் காட்டியது. எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் ஏரி என்றார்கள். ரேடாரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பூமியிலேயே உதாரணம் உண்டு. கனடாவின் டெவன் தீவுப் பனிக்கவிகைக்கு அடியில் மிகை உப்பு ஏரிகள் இருப்பதாக 2018ல் ரேடாரை வைத்து அறிவித்தார்கள். பிறகு ஒரு குழு அங்கேயே போய் நில அதிர்வும் மின்காந்த அளவீடும் செய்தது. ஏரி இல்லை என்று 2024ல் வெளியிட்டார்கள். விமானத்தில் பறந்தும், நேரில் நடந்தும் ஆராயக்கூடிய ஓர் இடத்திலேயே இப்படி. செவ்வாயில் இருப்பதோ சுற்றுப்பாதையிலிருந்து கேட்கும் எதிரொலி.

வானோடி:
டெவன் உதாரணம் முக்கியமானது, மறுக்கவில்லை. ஆனால் மார்சிஸ் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. 2012 மே முதல் 2015 டிசம்பர் வரை 29 முறை அந்தப் பகுதியைக் கடந்து அளந்தார்கள். அந்த இடத்தின் மின்காப்பு மாறிலி, அதாவது ரேடார் அலைக்கு ஒரு பொருள் எப்படி எதிர்வினை தரும் என்பதைக் காட்டும் எண், 15க்கு மேல் வந்தது. தூய பனிக்கு அது 3ஐ ஒட்டி இருக்கும், திரவ நீருக்கு 80 அளவில். உலர்ந்த பாறையும் பனியும் கலந்து இந்த மதிப்பை எட்டுவது கடினம்.

கல்லும்மண்ணும்:
நிலவியல் பக்கமிருந்து நான் வருகிறேன். எதிரொலி பளிச்சென்று வந்தால் அது நீராக மட்டும்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஸ்மெக்டைட் வகைக் களிமண்ணை ஈரமாக்கி, உறையவைத்து, ரேடார் அதிர்வெண்களில் அளந்த ஆய்வு 2021ல் வந்தது. இதே அளவு பிரகாசம் கிடைக்கும் என்றது. தென்துருவப் பனியின் ஓரங்களில் அந்தக் களிமண் இருப்பதற்கான அடையாளமும் உண்டு. 2024ல் இன்னொரு விளக்கம்: மெல்லிய பனி அடுக்குகள் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்தால், அவற்றிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடி வலுத்துப் பளிச்சென்று தெரியும். இதற்கு நீரோ களிமண்ணோ எதுவும் தேவையில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. அதே மார்சிஸ் தரவை 2021ல் அலசியபோது தென்துருவம் முழுக்கப் பல இடங்களில் இந்தப் பிரகாசம் கிடைத்தது. அவற்றில் சில பனி மெல்லியதாகவும், நீர் திரவமாக இருக்க முடியாத அளவு குளிராகவும் உள்ள இடங்கள். எல்லா இடத்திலும் ஏரி என்று சொல்ல முடியுமா?

துளிர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அங்கே குளிர் எவ்வளவு? நீர் எப்படி உறையாமல் இருக்கும்?

வானோடி:
நல்ல கேள்வி துளிர். பனியின் அடிப்பரப்பில் சுமார் மைனஸ் 68 பாகை செல்சியஸ் என்று 2018 ஆய்வே கணித்தது. சாதாரண நீர் அங்கே கல்லாகிவிடும். ஆனால் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை ஃபீனிக்ஸ் என்ற தரையிறங்கு கலம் 2008ல் கண்டது. கால்சியம், மெக்னீசியம் பெர்குளோரேட் கரைசல்கள் மைனஸ் 65, 70 பாகை வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். ஆகவே நான் நீர் என்று சொல்வது அடர்ந்த உப்புக்கரைசலைத்தான்.

களிமண் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அளவீட்டில் இருந்த வெப்பநிலை துருவத்தின் அடிப்பரப்பைவிடக் கணிசமாக அதிகம். 2022ல் இன்னும் கீழே குளிர்வித்து அளந்தபோது களிமண்ணின் மாறிலி குறைந்துவிட்டது, கரைசல்தான் மார்சிஸ் மதிப்போடு பொருந்தியது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் சார்ந்த குழு லேசர் உயர அளவீட்டைப் பார்த்தது. அந்த இடத்துக்கு மேலே பனிப்பரப்பு சில மீட்டர் தாழ்ந்தும் எழுந்தும் இருக்கிறது. அடியில் பனி வழுக்கிச் சென்றால் எதிர்பார்க்கும் வடிவம் அது. ரேடாருக்கு வெளியே இன்னொரு சான்று கேட்டீர்களே பனிப்படலம், இதோ.

பனிப்படலம்:
அந்த உயர அளவீட்டை மதிக்கிறேன், உங்கள் தரப்பின் வலுவான சான்று அதுதான். ஆனால் அது பொருந்துவதற்கு அடியிலிருந்து கூடுதல் வெப்பம் வர வேண்டும். 2019ல் வந்த கணக்குப்படி, உப்பு மட்டும் போதாது. கடந்த சில லட்சம் ஆண்டுகளுக்குள் எரிமலைக் குழம்பு அந்தப் பகுதிக்கு அடியில் ஏறியிருக்க வேண்டும். தென்துருவத்தில் அதற்குத் தனியாக ஒரு தடயமும் இல்லை. முதலில் ஏரி, ஏரிக்காக உப்பு, உப்பு போதாததால் எரிமலைக் குழம்பு. ஒவ்வொன்றும் முந்தையதைத் தாங்குவதற்காகவே சேர்க்கப்படுகிறது.

இன்னொரு ரேடாரும் இருக்கிறது. மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரில் உள்ள ஷராட். அதன் அதிர்வெண் அதிகம் என்பதால் அவ்வளவு ஆழம் எட்டவில்லை. அண்மையில் கலத்தையே 120 பாகை உருட்டி, ரேடாரின் பார்வையை மறைத்த கலப்பகுதிகளை விலக்கிப் பார்த்தார்கள். அடியிலிருந்து எதிரொலி வந்தது, ஆனால் மங்கலாக. நீர்ப்பரப்பு இருந்தால் அப்படி இருக்காது.

நெடுந்தொலைவு:
எல்லோரும் துருவத்திலேயே நிற்கிறீர்கள். செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்தை மறந்துவிட்டோமா? அதன் ஒற்றை நில அதிர்வுமானி 2018 முதல் 2022 வரை இயங்கியது. 2024ல் அந்தத் தரவை வைத்து, நிலநடுக்கோட்டுக்கு அருகே 11.5 முதல் 20 கி.மீ. ஆழத்தில் பாறை வெடிப்புகளில் நீர் நிறைந்திருக்கிறது என்றார்கள். அது கோள் முழுக்கவும் இருந்தால் மேற்பரப்பில் 1 முதல் 2 கி.மீ. ஆழக் கடலுக்குச் சமம்.

கல்லும்மண்ணும்:
மறக்கவில்லை. அது ஆர்வமூட்டும் முடிவு, ஆனால் ஒரே கருவி, ஒரே இடம். அலை வேகமும் அடர்த்தியும் தந்தால் அதற்குப் பொருந்தும் பாறை மாதிரிகள் பல கிடைக்கும். நீர் நிறைந்த வெடிப்பு அவற்றில் ஒன்று. "கோள் முழுக்க" என்று விரிப்பதற்கு அந்த ஒரு புள்ளி போதாது.

செவ்வாயின் சரிவுகளில் கோடைதோறும் நீளும் கருங்கோடுகளையும் நினைத்துப் பாருங்கள். 2015ல் அவற்றில் நீரேறிய உப்பு கண்டபோது ஓடும் நீர் என்று உலகமே கொண்டாடியது. 2017ல் அளந்தால், அவை கிட்டத்தட்ட 27 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவுகளில் மட்டுமே முடிகின்றன. உலர்ந்த மணல் சரியும் கோணம் அது. நீர் என்றால் தாழ்வான சரிவிலும் ஓடியிருக்கும்.

வானோடி:
ஒவ்வொரு சான்றையும் தனியாக எடுத்துத் தனியாகச் சாய்க்கிறீர்கள். துருவத்தில் ரேடாரும் உயர அளவீடும், வேறொரு இடத்தில் நில அதிர்வு, மண்ணில் உப்பு. இவை மூன்றும் ஒரே திசையைக் காட்டுவது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

பனிப்படலம்:
வெவ்வேறு இடம், வெவ்வேறு ஆழம், வெவ்வேறு பொருள். இவற்றைக் கூட்ட முடியாது நண்பரே. ஒரே இடத்தைப் பற்றிப் பல சான்றுகள் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என்செலடஸ் இருக்கிறது. அது கோள் இல்லை, சனியின் நிலவு. காசினி விண்கலம் அதிலிருந்து பீறிட்டு எழும் பீற்றுகளுக்குள்ளேயே பறந்து பனித்துகளைச் சேகரித்தது, அதில் சோடியம் உப்பு இருந்தது. சுழற்சியில் உள்ள சிறு ஊசலாட்டம், மேலோடு அடியிலுள்ள பாறையோடு ஒட்டவில்லை என்று 2015ல் காட்டியது. அங்கே கடல் உண்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. செவ்வாய்க்கும் அதே அளவுகோல்தான் கேட்கிறேன்.

துளிர்:
அப்படியானால் நேராகத் துளைபோட்டுப் பார்க்க முடியாதா?

நெடுந்தொலைவு:
1.5 கி.மீ. துளைக்கும் கருவியை இதுவரை எந்தக் கோளிலும் இறக்கியதில்லை. தென்துருவத்தை நோக்கிப் போன மார்ஸ் போலார் லேண்டர் 1999ல் தொலைந்தது. துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு வேறு. நீர் உண்மையாகவே இருந்தால் இன்னொரு கவலை: நாம் கொண்டுபோகும் நுண்ணுயிர் அதில் கலந்துவிடலாம். வோஸ்டாக்கிலேயே துளையில் நிரப்பிய மண்ணெண்ணெய் மாதிரிகளில் கலந்து பெரிய தொல்லை ஆயிற்று.

பனிப்படலம்:
துளையே வேண்டாம். டெவன் தீவில் செய்ததைச் செய்யலாம். பனிமேல் இறங்கும் கலத்தில் நில அதிர்வுமானியும் மின்காந்த ஆழமறி கருவியும் இருந்தால் போதும். உப்புக்கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அடுக்குப் பனி கடத்தாது. அதைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

வானோடி:
இதில் உங்களோடு முழு உடன்பாடு. கலம் இறங்கும் இடமாக மட்டும் 2018ல் சொன்ன அதே 81 பாகை தெற்கு அட்சரேகை இடத்தைக் கேட்பேன். களிமண் ஆட்கள் வேறு இடம் கேட்கட்டும்.