கையை வாழ்த்துற ஊர்

குழு: நம்ம வீடு 🏡

நவம்பர் 9, மாலை 4:22

நான்: 📷 படம்

நான்: இஸ்தான்புல்ல படகுல இருக்கோம். எமினோனுவுல ஏறினோம், கடிக்கோய்ல இறங்கணும். ஏறினது ஐரோப்பா, இறங்கப் போறது ஆசியா. நடுவுல இருபது நிமிஷத் தண்ணி, அவ்வளவுதான்

அம்மா: காத்து பலமா அடிக்குதே. காதை மூடிக்கோ

நான்: மூடியிருக்கேன்மா

அப்பா: மாப்பிள்ளை எங்கே, படத்துல காணோம்

நான்: அந்தப் பக்கம் கடற்காகங்களுக்கு சிமித் பிச்சுப் போட்டுட்டு இருக்கார்ப்பா. சிமித்னா எள்ளு ஒட்டின வளைய ரொட்டி. கரையிலயே தள்ளுவண்டியில விக்கறாங்க. பறவைங்க படகோட கூடவே பறந்து வருது, தூக்கிப் போட்டா காத்துலயே கவ்வுது. ஒரு துண்டு கூட தண்ணியில விழல

சித்தி: டீ குடிச்சியா கண்ணு? அந்த ஊர் டீயைப் பத்தி நிறைய சொல்றாங்களே

நான்: இப்போ கையிலதான் இருக்கு சித்தி 📷 படம்

நான்: பால் கிடையாது. பிடி இல்லாத சின்னக் கண்ணாடி டம்ளர், நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கு. வயித்துப் பக்கம் தொட்டா கை சுடும், அதனால மேல் விளிம்பை ரெண்டு விரலால பிடிச்சுக் குடிக்கணும். சாசர்ல ரெண்டு சர்க்கரைக் கட்டி. ஒருத்தர் தட்டுல பத்துப் பன்னெண்டு டம்ளர் அடுக்கி, படகு ஆடுற ஆட்டத்துக்கு ஒரு சொட்டு சிந்தாம கொண்டு வரார்

நான்: வீடுகள்ல ரெண்டடுக்குக் கெட்டில் வச்சிருக்காங்க. கீழ் அடுக்குல வெந்நீர், மேல் அடுக்குல கெட்டி டிகாஷன். அவங்கவங்க கேக்குற அளவுக்கு ரெண்டையும் கலந்து ஊத்தறாங்க. லேசா வேணும்னா ‘அச்சுக்’னு சொல்லணும், கெட்டியா வேணும்னா ‘தெம்லி’

பெரியப்பா: மிக்க மகிழ்ச்சி அம்மா. ஒன்று கேட்கிறேன். நானும் பெரியம்மாவும் மார்ச்சில் வருவதாக இருக்கிறோம். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே வழி உண்டா?

நான்: நிறையவே உண்டு பெரியப்பா. ராத்திரி சாப்பிட்டு விவரமா எழுதறேன். கரை வந்துடுச்சு

இரவு 8:05

நான்: பெரியப்பா, பெரியம்மா ரெண்டு பேருக்கும் இது

நான்: கண்ணை மூடிட்டுக் கேக்கக்கூடியது மெர்ஜிமெக் சோர்பா. சிவப்புப் பருப்பு சூப். எங்க போனாலும் கிடைக்கும். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க: சில இடத்துல எலும்பு வேகவச்ச தண்ணியில செய்வாங்க. ‘எத் சுயு வார் மு?’ன்னு கேட்டா ஆமா இல்லைன்னு சொல்லிடுவாங்க

நான்: அப்புறம் ‘ஸெய்தின்யாலு’ன்னு ஒரு வகையே இருக்கு. காய்களை ஆலிவ் எண்ணெயில பதமா வேகவச்சு, ஆறவிட்டுப் பரிமாறறது. பீன்ஸ், கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), லீக்ஸ் தண்டு. கத்தரிக்காய்ல வெங்காயம் தக்காளி திணிச்சு செய்யறதுக்குப் பேரு ‘இமாம் பயல்டு’. இமாம் மயங்கி விழுந்தார்னு அர்த்தம்

சித்தி: ஏன் விழுந்தாராம்?

நான்: ருசியில மயங்கினார்னு ஒரு கதை. அதுக்குச் செலவான எண்ணெயோட அளவைக் கேட்டு மயங்கினார்னு இன்னொரு கதை 😊

நான்: தெருவுல ‘சீ கொஃப்தே’ன்னு போர்டு இருக்கும். பேரைப் பாத்து கறின்னு நினைச்சு ஒதுங்க வேணாம். கடைகள்ல விக்கறது கோதுமை ரவையும் மிளகா விழுதும் போட்டு நல்லா பிசைஞ்சது. லெட்டூஸ் இலையில வச்சு எலுமிச்சை பிழிஞ்சு தருவாங்க. உறைக்கும்!

அம்மா: நீ என்ன சாப்பிட்டே, அதைச் சொல்லு முதல்ல

நான்: அதைச் சொல்லத்தான்மா உக்காந்தேன்

நான்: கடிக்கோய் மார்க்கெட்டுக்குப் பின்னாடி சின்ன சூப் கடை. நாலே மேஜை. சமைக்கறவர் அறுபதைத் தாண்டினவர், வாசல் பக்கமே அண்டா வச்சுக் கிண்டிட்டு இருக்கார். சூப்பைக் கிண்ணத்துல ஊத்திட்டு, தனியா ஒரு குட்டி வாணலியில வெண்ணெயை உருக்கி, அதுல சிவப்பு மிளகாச் சில்லைப் போட்டு, நுரை பொங்கின நொடியில சூப் மேல ஒரு வட்டம் ஊத்தினார். சுர்ருன்னு சத்தம். காஞ்ச புதினாவைக் கையால நசுக்கித் தூவினார். எலுமிச்சைத் துண்டு பக்கத்துல. ரொட்டிக் கூடையில குறையக் குறைய வச்சுட்டே இருக்காங்க, அதுக்குக் காசு இல்ல

நான்: சாப்பிட்டு எழுந்தப்போ, காலையில எங்க தங்குற இடத்து அம்மா சொல்லிக் குடுத்ததை அவர்கிட்ட சொன்னேன்: ‘எலினிஸே சாலுக்’. உங்க கைக்கு நலம் உண்டாகட்டும்னு அர்த்தம். சமைச்சவங்களுக்குச் சொல்றது

நான்: அவர் கரண்டியை வச்சுட்டு, வலது கையை நெஞ்சுல வச்சு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, ‘அஃபியெத் ஒல்சுன்’னார். சாப்பிட்டது உடம்புல ஒட்டட்டும்னு சொல்ற மாதிரி. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சும்மா

அம்மா: கைக்கு நலம்னு சொல்றாங்களா. நல்லா இருக்கே

அம்மா: இத்தனை வருஷம் சமைச்சதுக்கு என் கையை யாரும் வாழ்த்தல

அப்பா: நான் இப்பவே வாழ்த்தறேன்

சித்தி: 😍😍

தம்பி: அக்கா, கியோட்டோல மணி ரெண்டரை ஆகப் போகுது, தூங்காம இதைத்தான் படிச்சுட்டு இருக்கேன். இங்க ஜப்பான்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு

அம்மா: இன்னும் தூங்கலையாடா?

தம்பி: ரெண்டு நிமிஷம்மா. இங்க சாப்பிட்டு முடிச்சதும் ‘கொச்சிசோசமா’ன்னு சொல்வாங்க. சமைச்சவங்க காதுல விழற மாதிரி சொல்லிட்டுத்தான் கடையை விட்டு வெளிய வரணும். அதுல ‘சிசோ’ங்கற சொல்லுக்கு மூலப் பொருள் ஓடறதுன்னு எங்க ஆபீஸ் பெரியவர் சொன்னார். விருந்தாளிக்காக ஓடியாடி பொருள் சேத்து சமைச்சீங்களே, அந்த ஓட்டத்துக்கு நன்றின்னு அர்த்தமாம்

நான்: ஐயோ தம்பி, எவ்வளவு அழகு. இவங்க கையை வாழ்த்தறாங்க, அவங்க காலோட ஓட்டத்துக்கு நன்றி சொல்றாங்க!

தம்பி: ஆரம்பிக்கறப்போ கையைக் கூப்பி ‘இததகிமஸ்’. பணிவா வாங்கிக்கறேன்னு அர்த்தம். தனியா உக்காந்து சாப்பிடறவங்களும் சொல்றாங்க. எதிர்ல யாரும் இல்ல, இருந்தும் சொல்றாங்க. வந்த புதுசுல அதைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஊர் மேல மரியாதை வந்துச்சு. கோயில் குளமெல்லாம் அப்புறம்தான்

பெரியப்பா: அருமை. ‘சாலுக்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த ‘லு’வில் என்ன ஒலி?

நான்: உங்களுக்குப் பிடிக்கும் பெரியப்பா. துருக்கி மொழியில ரெண்டு ‘i’ எழுத்து. புள்ளி வச்சது நம்ம ‘இ’. புள்ளி இல்லாதது அப்படியே நம்ம குற்றியலுகரம்! ‘பாட்டு’, ‘காடு’ல கடைசியில வருமே அந்த அரை உகரம். நாம சொன்னா அவங்களுக்கு ஆச்சரியமா இருக்கு. 1928ல அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினாங்க, அதனால போர்டு எல்லாத்தையும் எழுத்துக்கூட்டிப் படிச்சுடலாம்

பெரியப்பா: குற்றியலுகரம்! இதற்காகவே வரலாம் போலிருக்கிறது.

நவம்பர் 10, காலை 9:31

நான்: எல்லாரும் இருக்கீங்களா? இப்போ நடந்ததை உடனே எழுதணும்

அப்பா: என்னம்மா, நல்லா இருக்கீங்கதானே?

நான்: நல்லா இருக்கோம்ப்பா. கலாட்டா பாலத்துல நின்னுட்டு இருந்தோம். பாலம் முழுக்க ரெண்டு பக்கமும் தூண்டில் போடறவங்க வரிசையா நிப்பாங்க, பிளாஸ்டிக் வாளியில குட்டி மீனுங்க துள்ளிட்டு இருக்கும். நடுவுல டிராம், பஸ், டாக்சி, ஒரே சத்தம்

நான்: சரியா 9:05க்கு சங்கு ஊதுச்சு. ஊர் முழுக்க. கூடவே தண்ணியில இருந்த படகு எல்லாம் ஒண்ணா ஹாரன் அடிச்சுது. ஒரு நொடி பயந்துட்டேன். திரும்பிப் பாத்தா மொத்தப் பாலமும் நின்னுடுச்சு

நான்: தூண்டிலைக் கம்பியில சாய்ச்சுட்டு ஆளுங்க நேரா நிக்கறாங்க. டாக்சி டிரைவர் கதவைத் திறந்து இறங்கி, கையை உடம்போட ஒட்டி நிக்கறார். பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் வாயில சிமித்தோட, மெல்லாம அப்படியே நிக்கறான். எனக்குப் பக்கத்துல இருந்த ஒரு அம்மா கண்ணுல தண்ணி. சங்கு நின்னதும் அவங்க முகத்தைத் துடைச்சுட்டு, பையை எடுத்துட்டு நடந்து போயிட்டாங்க. டிராம் கிளம்பிடுச்சு

சித்தி: எனக்குப் புல்லரிக்குது

அப்பா: நவம்பர் 10. அட்டாதுர்க் இறந்த நாள். 1938

நான்: ஆமாப்பா. காலையில 9:05க்குத்தான் இறந்தாராம், தோல்மபாச்சே அரண்மனையில. அந்த அறையில இருக்கற கடிகாரத்தை இன்னிக்கும் அந்த நேரத்துலயே நிறுத்தி வச்சிருக்காங்க. கட்டில் மேல அவங்க கொடி விரிச்சிருக்கு. 1923ல குடியரசு ஆனதும் முதல் ஜனாதிபதி அவர்தான். எண்பது வருஷத்துக்கு மேல ஆகியும் கண் கலங்கறாங்கன்னா பாருங்க

தம்பி: ஹிரோஷிமால ஆகஸ்ட் 6 காலையில 8:15க்கு இதே மாதிரி, அக்கா. மணி அடிக்கும், ஒரு நிமிஷ மௌனம். நான் இந்த வருஷம் அங்க போயிருந்தேன். சிக்காடாப் பூச்சிச் சத்தத்தைத் தவிர வேற எதுவும் கேக்கல

தம்பி: அன்னிக்கு எடுத்த படம் ஒண்ணு கூட இல்ல. போனைத் தூக்கக் கை வரல

நான்: நானும் எடுக்கலடா

மாலை 5:40

நான்: அப்பாவுக்காக அயா சோபியா போனோம். முதல்ல சர்ச்சாத்தான் 532ல ஆரம்பிச்சு 537ல முடிச்சிருக்காங்க, அவ்வளவு பெரிய கட்டடத்தை அஞ்சே வருஷத்துல! 1453ல மசூதி, 1935ல அருங்காட்சியகம், 2020ல திரும்பவும் மசூதி. வெளிநாட்டுக்காரங்களுக்கு இப்போ மேல்மாடம் மட்டும்தான், தனி டிக்கெட். பொம்பளைங்களுக்குத் தலையில துணி கட்டாயம்

அப்பா: மொசைக் பாத்தியா?

நான்: பாத்தேன். ஆனா மனசுல நின்னது வேறப்பா. மேல்மாடத்துப் பளிங்குக் கைப்பிடிச் சுவர்ல ஒரு கிறுக்கல். வைக்கிங் ஆளு ஒருத்தன் தன் பேரை அவங்க ஊர்ப் பழைய ரூனிக் எழுத்துல கீறி வச்சிருக்கான். ஹால்ஃப்தான்னு பேர். சக்கரவர்த்தியோட மெய்க்காவல் படையில வடக்கே ஸ்காண்டிநேவியால இருந்து வந்தவங்க நிறைய பேர் இருந்தாங்களாம். பூஜை நேரம் முழுக்க நின்னு நின்னு அலுத்துப் போய் கீறியிருப்பான்னு தோணுது. ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்தவன்!

அப்பா: படம் அனுப்பு

நான்: 📷 படம்

நான்: நிலத்தடி நீர்த்தேக்கமும் பாத்தாச்சு, 336 தூண். கிரேக்கக் கதையில வர்ற பாம்பு முடி மெதூசாவோட தலை ஒண்ணு தலைகீழா, ஒண்ணு பக்கவாட்டுல. கிராண்ட் பஜார்ல அரை மணிக்கு மேல நிக்க முடியல, அவ்வளவு கூட்டம்

நான்: பெரியப்பா, ஒரு எச்சரிக்கை. ஷூ பாலிஷ் போடறவர் நமக்கு முன்னாடி நடந்து போறப்போ பிரஷ்ஷைக் கீழ விடுவார். நாம எடுத்துக் குடுப்போம். நன்றிக்குச் சும்மா பாலிஷ் போடறேன்னு உக்கார வச்சு, முடிச்சதும் பெரிய தொகை கேப்பார். இவர் மாட்டிக்கிட்டார் 😔. கூப்பிட்டுச் சொல்லிட்டு நடந்துடுங்க, குனிய வேணாம்

பெரியப்பா: குறித்துக்கொண்டேன்.

சித்தி: எனக்கும் வர ஆசைதான். முழங்கால்தான் யோசிக்க வைக்குது

நான்: மேடு பள்ளம் ஜாஸ்திதான் சித்தி, மறைக்க மாட்டேன். கலாட்டா கோபுரத்துக்கு ஏறுற தெரு செங்குத்து. ஆனா கரக்கோய்ல இருந்து மேட்டுக்கு ‘துனெல்’னு சுரங்க ரயில் இருக்கு, 1875ல விட்டது. ஒன்றரை நிமிஷத்துல மேல கொண்டு போய் விட்டுடும். பஸ் டிராம்ல பெரியவங்களைப் பாத்தா சின்னப் பசங்க கேக்காமலே எழுந்திருக்காங்க

நான்: தங்குற இடத்து அம்மாகிட்ட உங்க முழங்காலைப் பத்திச் சொன்னேன். உடனே ‘கெச்மிஷ் ஒல்சுன்’ன்னாங்க. கடந்து போகட்டும்னு அர்த்தம். உடம்பு சரியில்லாதவங்களுக்குச் சொல்றது. உங்ககிட்ட அப்படியே சேர்க்கச் சொன்னாங்க

சித்தி: முகம் தெரியாதவங்க எனக்காகச் சொன்னாங்களா 🥹

சித்தி: அதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்?

நான்: ‘தெஷெக்குர் எதெரிம்’. நன்றி. குரல்ல அனுப்புங்க சித்தி, அவங்களுக்குப் போட்டுக் காட்டறேன்

சித்தி: 🎤 குரல் பதிவு, 0:09

தம்பி: சித்தி, அருமையா சொல்றீங்க!

அம்மா: ஒண்ணு கேக்கணும். சாப்பாட்டுக்கு இருக்கு, நோய்க்கு இருக்கு. சும்மா வேலை செஞ்சுட்டு இருக்கறவங்களுக்கு?

நான்: இருக்கும்மா! ‘கொலாய் கெல்சின்’. வேலை சுலபமா அமையட்டும். தெரு கூட்டறவங்க, கடைக்காரர், கொத்து வேலை செய்யறவங்க, யாரைத் தாண்டிப் போனாலும் சொல்லிட்டுப் போறாங்க. தெரியாதவங்ககிட்டயும்

நான்: இன்னிக்குக் காலையில ஒரு ரொட்டிக் கடையில பாத்தேன். ஒருத்தர் உள்ள போறப்போ அதைச் சொன்னார், ரெண்டு ரொட்டிக்குக் காசு குடுத்தார், ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போனார். இன்னொண்ணு ‘அஸ்குதா எக்மெக்’. மாட்டி வச்ச ரொட்டி. இல்லாதவங்க யார் வந்து கேட்டாலும் கடைக்காரர் எடுத்துக் குடுப்பார். குடுத்தவர் யாருன்னு வாங்கறவருக்குத் தெரியாது, வாங்கினவர் யாருன்னு குடுத்தவருக்குத் தெரியாது

அப்பா: நீங்க ஒண்ணு வச்சீங்களா?

நான்: ரெண்டு வச்சோம்ப்பா. ஒண்ணு அம்மா பேர்ல

அம்மா: ❤️

தம்பி: அக்கா, நாளைக்கு எங்க?

நான்: கோன்யா. காலையில அதிவேக ரயில். சூஃபி கவிஞர் ரூமி அடக்கமான இடம், பச்சை நீலக் கூம்பு வச்ச மண்டபம். கடைசியா ஒரு தடவை கடிக்கோய்க்குப் படகுல போயிட்டு வரலாம்னு இப்போ ஏறியிருக்கோம்

அம்மா: அந்த சூப் கடைக்குப் போனா, நான் சொன்னதாவும் அவர் கையை வாழ்த்திட்டு வா

நான்: அதுக்குத்தான்மா போறோம். பலகையை எடுத்துட்டாங்க, படகு கிளம்புது. அப்புறம் எழுதறேன்