அனோட்டேஷனுக்கு 'பதவுரை' சரிவருமா?

ஜீனோம்ங்கிற மொத்த டிஎன்ஏ எழுத்து வரிசைல மரபணு எங்கெங்க இருக்கு, அதுக்கு என்ன வேலைன்னு குறிக்கிறதுதான் அனோட்டேஷன். அதுக்குத் தமிழ் வார்த்தையா மேடம் குறிப்புரைன்னாங்க, அண்ணா விளக்கக்குறிப்புன்னார், ரெண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க. ரெண்டுலயும் எனக்கு இடிக்கிறது ஒண்ணுதான். குறிப்பு எழுதணும்னா பாட்டு ஏற்கனவே படிக்கிற நிலைமைல இருக்கணும். ஜீனோம்ல அது கிடையாது, நாலே நாலு எழுத்து இடைவெளி இல்லாம ஓடிட்டே இருக்கும், மரபணு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கிறதே பாதி வேலை.

புதுசா வந்தவங்களுக்கு: அமெரிக்கால ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008ல சீ-ஃபேஜஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. காலேஜ் முதல் வருஷப் பசங்களே மண்ணு அள்ளிட்டு வந்து, பாக்டீரியாவைத் தாக்குற வைரஸை (அதுதான் ஃபேஜ்) பிரிச்சு, அதுக்குப் பேரும் வச்சு, அனோட்டேஷன் வரைக்கும் போவாங்க. எங்க குன்னூர் லேபுக்கு சீக்வென்ஸ் பண்ண, அதாவது டிஎன்ஏ எழுத்தை வரிசையாப் படிச்செடுக்க, காசு இல்ல, அதனால கேத்தி கேரட் தோட்டத்து மண்ணுல ஃபேஜ் பிடிக்கிறதோட நிறுத்திட்டு ஜென்பேங்க்ங்கிற பொது டிஎன்ஏ தரவுத்தளத்துல இருந்து டி29ங்கிற ஃபேஜோட ஜீனோமை இறக்கி பசங்க கைல குடுத்துடுறோம். சுமார் 49,000 எழுத்து.

போன வாரம் ரீடிங் ஃபிரேம், அதாவது டிஎன்ஏ எழுத்தை எங்க ஆரம்பிச்சுப் பிரிச்சுப் படிக்கிறதுங்கிறதை நடத்தினேன். மூணு மூணு எழுத்தாப் பிரிக்கணும், ஒரு எழுத்து தள்ளி ஆரம்பிச்சா மொத்த அர்த்தமும் மாறிடும், டிஎன்ஏவோட ரெண்டு இழைல ஒரு இழைக்கு மூணு விதம், எதிர் இழையையும் சேர்த்தா ஆறு. ஒருத்தருக்கும் ஏறல. அப்போ பின் பெஞ்சுல ஒரு பொண்ணு, "சார் இது பிளஸ் டூ தமிழய்யா சொன்ன குன்றேறாமா மாதிரியா?"ன்னு கேட்டுச்சு. அசந்துட்டேன். குன்று ஏறு ஆமான்னு பிரிச்சா மலை ஏறுற காட்டு மாடு, குன்று ஏறா மான்னு பிரிச்சா மலையே ஏறாத விலங்கு, எழுத்து அதேதான். காலேஜ் கேட் வரைக்கும் காட்டுமாடு வந்து நிக்கிற ஊரு இது, கிளாஸே சிரிச்சு முடிச்சு ஃபிரேமைப் புரிஞ்சிக்கிச்சு.

அதனால என் கட்சி இது. ரீடிங் ஃபிரேமுக்கு சீர்பிரிப்பு, அனோட்டேஷனுக்கு பதவுரை. பதம் பிரிச்சுட்டு ஒவ்வொண்ணுக்கும் பொருள் சொல்றதுதானே பதவுரை, இங்கயும் முதல்ல மரபணுவோட எல்லை, அப்புறம் அதோட வேலை. இன்னொரு வசதியும் இருக்கு. மரபணு ஆரம்பிக்கிற மூணெழுத்தா ஏடிஜி மட்டுமில்லாம ஜிடிஜி, டிடிஜியும் வரும்கிறதால ஒரே மரபணுவுக்கு சாஃப்ட்வேர் ஒரு இடம் சொல்லும், பசங்க பக்கத்து சொந்தக்கார ஃபேஜை ஒப்பிட்டுப் பார்த்து வேற இடம் சொல்வாங்க, அதை பாடபேதம்னே (சுவடிக்குச் சுவடி பாட்டு மாறுறதுக்குச் சொல்ற வார்த்தை) ரெக்கார்டுல எழுதச் சொல்லிட்டேன்.

பதவுரைன்னா பரீட்சை நோட்ஸ் வாசனை அடிக்குதுன்னு அண்ணா கட்டாயம் சொல்வார். அடிக்கட்டும், குறிப்புரைல எந்த வாசனையும் இல்லையே.

திங்கக்கிழமை லேப் மேனுவல் பிரிண்டுக்குப் போகுது, மறுப்பு இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க. ஹைப்போதெட்டிகல் புரோட்டீனுக்கு, அதாவது மரபணு இருக்குன்னு கணிச்சும் வேலை தெரியாத புரோட்டீனுக்கு, மட்டும் எனக்குத் தமிழ் வார்த்தை ஒண்ணும் தோணல. ஃபேஜ் மரபணுல பெரும்பாலானதுக்கு என்ன வேலைன்னே தெரியாது, அதனால அந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வரும், பசங்க இப்போதைக்கு "தெரியல"ன்னே எழுதிட்டு இருக்காங்க.