எங்கள் ஐயரைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி ஐயரம்மா. நாற்பது வருஷத்துக்குக் கிட்ட ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஓர் ஐயரைப் பற்றித்தான் இந்த இழை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், யாரும் போடாதீர்கள். மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் என்று சேகரம் சேகரமாக (ஓர் ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) மாறிக்கொண்டே இருந்தவர். அதனால் ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் அவரில் ஒரு பகுதிதான் தெரியும். பிரசங்கத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம். அது சுமார்தான், அவரே ஒத்துக்கொள்வார்.

அவர் கல்யாணம் செய்துவைத்த ஒருவர்

எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கல்யாணம். பெண் வீட்டு வேன் வழியில் படுத்துவிட்டது. ஐந்தரை ஆகியும் ஆளைக் காணோம். என் அப்பா, "எட்டு மணியானாலும் பரவாயில்லை ஐயரே, சாப்பாட்டை முதலில் போட்டுவிடலாம்" என்றார். ஐயர், "உங்களுக்குப் பரவாயில்லை, 1872ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் நடுவில்தான் கல்யாணம் நடக்க வேண்டுமாம். அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

வேன் வந்து சேர்ந்தபோது மணி ஆறு இருபது தாண்டியிருந்தது. பாமாலையில் முதல் சரணம் மட்டும். பிரசங்கம் ஒரே வாக்கியம். என் பெரிய மாமா வாழ்த்துப் பேச எழுந்தார். "பந்தியில் பேசுங்க" என்று உட்கார வைத்துவிட்டார். ஆனால் உடன்படிக்கை வாசகங்களை மட்டும் துளி அவசரமில்லாமல், நாங்கள் திருப்பிச் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஏழுக்கு முன்னால் மோதிரம் ஏறிவிட்டது.

பாடகர் குழு, ஆல்ட்டோ

பாட்டு வராது. சுத்தமாக வராது. கீர்த்தனையின் முதல் அடியை அவர் ஒரு சுருதியில் எடுப்பார், ஆர்மோனியக்காரர் அதைத் தேடிக்கொண்டே இரண்டாம் சரணத்துக்குப் போய்விடுவார். எந்தச் சேகரத்திலும் யாரும் இதை அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்

எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது, பிறப்புச் சான்று கிடையாது. வீட்டில் பிறந்த பிள்ளை. 1969இல் பதிவுச் சட்டம் வந்த பிறகும் எங்கள் பக்கம் நிறையப் பேர் போய்ப் பதியவில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், அதற்கு ஏதாவது ஒரு பழைய ஆதாரம் வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் ஞானஸ்நானப் பதிவேடுதான்.

அம்மாவுக்குத் தேதி தெரியாது. "தனுஷ்கோடி புயலுக்கு அப்புறம் ஆறு ஏழு வருஷம் இருக்கும்" என்றாள். ஐயர் சலித்துக்கொள்ளவில்லை. புயல் 1964 டிசம்பர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, "அசனப் பண்டிகைக்கு (சபையே கூடிச் சாப்பிடும் கோயில் விருந்து) முன்னாடியா, பின்னாடியா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தீங்களா? பக்கத்து வீட்டில் யாருக்காவது அப்போது கல்யாணம் நடந்ததா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கல்யாணத்துக்கு அம்மா பச்சைப் பிள்ளையோடு போயிருக்கிறாள். திருமணப் பதிவேட்டில் அந்தக் கல்யாணத் தேதியைப் பிடித்து, அங்கிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போய், கால் மணி நேரத்தில் என் பெயரில் விரலை வைத்துவிட்டார். பக்கத்தைப் புரட்டும்போது விரலில் எச்சில் தொட்டுக்கொள்ளமாட்டார். கரையான் தின்ற ஓரங்களுக்கு ஒரு அட்டையைக் கொடுத்து மெல்லத் தூக்குவார்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. வீட்டில் எனக்கு ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு வேதாகமப் பெயர், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் இன்னொன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சேகர முத்திரையோடு கடிதம் எழுதித் தந்தார். "திரித்துவத்தை விளக்குவதைவிட இது சுலபம்" என்று சொல்லிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

கல்லறைத் தோட்டத்து விஷயத்தை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்து புதிதாகச் சபையில் சேர்ந்த குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். அதுவரை அந்தத் தெருக்காரர்களுக்குத் தனியாக ஓடைக்கரையில் இடம். எந்தச் சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை. ஐயர், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, கல்லறைத் தோட்டத்தில் கடைசிக் கல்லறைக்கு அடுத்த குழியை வெட்டச் சொல்லிவிட்டார். சபைக் கமிட்டிக்காரர்கள் ஐயர் குடியிருந்த குருமனைக்கு வந்து சத்தம் போட்டார்கள். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. குடும்பப் பதிவேட்டைத் திறந்து காட்டி, "இவர் சபையார். கல்லறை சபையாருக்கு. இதில் நான் முடிவெடுக்க என்ன இருக்கிறது?" என்றார். அடக்கம் அங்கேதான் நடந்தது.

இரண்டு குடும்பங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்தின, சபைக்குக் கொடுக்கும் சங்கக் காணிக்கையையும் நிறுத்தின. மாதாமாதம் வீடு சந்திக்கப் போகும்போது அந்த இரண்டு வீட்டையும் அவர் விட்டதில்லை. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஒரு குடும்பம் திரும்பி வந்தது. இன்னொன்று வேறு சபைக்குப் போய்விட்டது.

பெயர் வேண்டாம்

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என் தங்கைக்குத் தகுதி இருந்தும் நம் திருச்சபைப் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்த ஆளுக்குக் கிடைத்தது. ஐயருக்கு அது தெரியும். திருச்சபைத் தேர்தல் நேரத்தில் குருமனைத் திண்ணையில் அணிப் பேச்சே கூடாது என்று விரட்டியவர், இதிலும் அதே மாதிரி ஒதுங்கிக்கொண்டார். அணி சேராதது சரி. அநியாயத்தைக் கேட்காததும் சரியா? நல்ல மனுஷன்தான். பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை.

இழையைத் தொடங்கியவர்

இதுவும் இங்கே இருக்கட்டும், யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். கல்லறை விஷயத்தில் அவர் கையில் பதிவேடு இருந்தது. உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நான் சொல்லலாம், ஆனால் அது உங்கள் தங்கைக்குப் பதிலாகாது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தவர்

ஐயரம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லையே! இது இன்று நேற்று நடப்பதில்லை. கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்ததும், கோயிலைக் கட்டி முடிக்க 1880 வரை ஆனதும் எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து அவர்கள் கையில் நாலு காசு புரள வைத்த அவர் மனைவி எலிசா அம்மையாரை எத்தனை பேர் சொல்கிறோம்? நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1876இல் இருந்து 1908 வரை இருந்து ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், தொழிற்பள்ளி என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். ஐயர் என்றால் எல்லாம் செய்வார் என்ற எதிர்பார்ப்பு நமக்கு அங்கிருந்து வந்தது. பின்னால் வந்த நம் ஊர் ஐயர்மாருக்கு அதே எதிர்பார்ப்பு, பாதிச் சம்பளம். அந்த மீதிப் பாதியைச் சம்பளமில்லாமல் தூக்கியவர் ஐயரம்மா.

எங்கள் சேகரத்தில் இருந்தபோது குருமனை வாசல் ஆணியில் ஒரு டார்ச், ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். பையில் பழைய வேட்டித் துணி, சோப்பு, பிளாஸ்க், கொஞ்சம் சில்லறை. ராத்திரி யாருக்காவது பிரசவ வலி என்று ஆள் வந்தால் ஐயர் வண்டி தேடப் போவார், அம்மா பையை எடுத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போவார். என் மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய இருந்தது அவர்தான். காலையில் ஓய்வுநாள் பள்ளிக்கும் போய்விட்டார்.

ஏரலுக்கு அந்தப் பக்கம்

2023 வெள்ளம். டிசம்பர் 17 ஞாயிறு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. ஐயர் ஓய்வுபெற்று எங்கள் ஊரில்தான் இருந்தார். கரண்ட் இல்லை, டவர் இல்லை, தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. கோயில் மேட்டில் இருந்ததால் எல்லோரும் அங்கே ஏறினோம். அசனத்து அண்டாக்கள் இருந்தன, கஞ்சிக்குக் குறைவில்லை.

யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான் தெரியவில்லை. இப்போதைய ஐயர் இளவயது, ஊருக்குப் புதுசு. ஓய்வுபெற்ற நம் பெரிய ஐயர், "கேரல் ரவுண்ட்ஸ் லிஸ்ட் எங்கே?" என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கீத பவனிக்கு வீட்டு வரிசைப்படி எழுதி வைத்திருந்த பட்டியல் அது. அதில் சபையார் வீடுகள்தான் இருக்கும். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் குடியிருக்கிற மற்றவர்களையும் எழுதிக்கொண்டே போனார். தெருவை மனசில் நடந்துபார்த்து எழுதிய மாதிரி இருந்தது. யாருக்குச் சுகர் மாத்திரை, யார் படுத்த படுக்கை என்பதும் ஓரத்தில். வாசித்துப் பெயர் கூப்பிட்டதில் கீழத்தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டி வரவில்லை என்று தெரிந்தது. பையன்கள் வாழைத்தண்டுத் தெப்பம் கட்டிப் போய் மாடியில் இருந்து கூட்டிவந்தார்கள்.

அதே ஊர், வாலிபர் சங்கம்

அந்தத் தெப்பத்தில் நானும் போனேன். பாட்டி ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் இரண்டு நடை அடித்தோம். நனைந்துபோன அந்த லிஸ்ட்டைப் புதுசாக டைப் பண்ணி வைத்திருக்கிறோம். இப்போது ஒவ்வொரு டிசம்பரும் கேரலுக்கு முன்னால் ஊர் மொத்தத்துக்கும் சரிபார்க்கிறோம். போன முறை மேலத்தெருவில் மூன்று வீட்டு நம்பர் தப்பு என்று ஐயரே கூப்பிட்டுச் சொன்னார்.