தரம் ஒன்றுக்குப் போகுமுன்: எங்கள் ஒழுங்கைக் குழுவில் பேசியவை

குழு: ஒழுங்கை வீட்டார், விசுவமடு
ஞாயிறு மாலை

கவின் அம்மா: ரீச்சர், நேரம் இருந்தால் ஒரு விசயம் கேட்க வேண்டும். கவின் வாற வருசம் தரம் ஒன்றுக்குப் போகிறான். ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் சொல்கிறான். ஆனால் இன்றைக்குக் கூட்டிலிருந்து எடுத்த முட்டையை எண்ணச் சொன்னேன். இருந்தது எட்டு. அவன் பதினொன்று என்கிறான். திரும்ப எண்ணினான், ஒன்பது.

துளசி அப்பா: துளசிக்கும் அதே பிரச்சினைதான் ரீச்சர். ரியூசனில் பக்கம் பக்கமாக எழுதக் கொடுக்கிறார்கள். எழுதி முடிக்கிறாள். கொப்பியை மூடிவிட்டுக் கேட்டால் பேசாமல் நிற்கிறாள்.

ரீச்சர்: பயப்பட ஒன்றும் இல்லை தங்கச்சி. நூறு வரை சொல்வது ஒரு வேலை, எண்ணுவது வேறு வேலை. அவனுடைய வாய் விரலை விட வேகமாக ஓடுகிறது, அதனால்தான் எட்டு முட்டை பதினொன்று ஆகிறது.

ரீச்சர்: முட்டை வேண்டாம், உடைந்தால் பிள்ளைக்கு ஏச்சு விழும். புளியங்கொட்டை எடுங்கள். ஒரு சிரட்டையிலிருந்து மற்றச் சிரட்டைக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போடட்டும். கொட்டை விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

ரீச்சர்: முடிந்ததும் "எல்லாமாக எத்தனை?" என்று கேளுங்கள். உடனே எட்டு என்றால் நல்லது. திரும்பவும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலு வயதுப் பிள்ளையில் இது வழமை. ஏசாமல் நீங்களே "ஓம், எட்டு இருக்கு" என்று சொல்லி விடுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

கவின் அம்மா: இப்போதே செய்து பார்க்கிறேன்.

ஆச்சி (பேத்தி எழுதுகிறேன்): புளியங்கொட்டை எதற்கு, எங்கள் வேலியில் குன்றிமணி காய்த்துக் கொட்டுது, சிவப்பாக வடிவாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று ஆச்சி சொல்கிறா.

ரீச்சர்: ஐயோ ஆச்சி, குன்றிமணி வேண்டவே வேண்டாம். அது நஞ்சு. கடித்து உள்ளே போனால் பிள்ளைக்கு ஆபத்து. கறுப்புப் பொட்டு இல்லாத மஞ்சாடி வேறு, அது பெரிதாக இருக்கும். ஆனாலும் இரண்டையும் பார்த்துப் பிரிக்கத் தெரியாத வீட்டில் புளியங்கொட்டையே போதும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் அதையும் எண்ணி எடுத்து எண்ணித் திருப்பி வைக்க வேண்டும். தொண்டையில் சிக்கும்.

துளசி அப்பா: எண்ணுவதற்கு என்று சொல்லிப் பெடியள் வளவுக்கு வெளியே கல்லும் இரும்பும் பொறுக்கப் போகாமலும் பார்க்க வேண்டும். பின்பக்கக் காணிக்குள் போக விடாதீர்கள், சண்டைக் காலத்து வெடிபொருள் கிடக்கலாம்.

ரீச்சர்: நல்ல நேரத்தில் சொன்னீர்கள் தம்பி. முற்றத்துக்குள் கிடைப்பது மட்டும். தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல் வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இதையும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள்.

கவின் அம்மா: ரீச்சர், சரியாக எட்டு என்றான்! ஆனால் தங்கச்சி வந்து கொட்டைகளைத் தள்ளிப் பரப்பி விட்டாள். திரும்ப எத்தனை என்று கேட்டேன். "இப்ப கூடிப் போச்சு" என்கிறான்.

ரீச்சர்: அதையும் பார்த்து விட்டீர்களா! எங்கள் பயிற்சியில் பியாஜே என்று ஒரு சுவிஸ் நாட்டு அறிஞரைப் பற்றிப் படிப்பித்தார்கள். இதே சோதனையைத்தான் அவர் சின்னப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார். நீளமாகப் பரப்பினால் கூடுதலாக இருக்கிறது என்று பிள்ளை நினைக்கும். பிழை என்று சொல்லாதீர்கள். "ஒன்றும் போடவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை, எண்ணிப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். தரம் ஒன்று, இரண்டு படிக்கிற காலத்தில் அது தானாகத் தெளியும்.

கடை அண்ணை: கச்சானிலும் செய்யலாம் ரீச்சர். முறிகண்டியில் வாங்கி வந்தது ஒரு பை கிடக்கிறது. என் மகள் உடைக்க முதல் "இதுக்குள்ள எத்தனை?" என்று கேட்டுக் கேட்டுத்தான் தின்பாள்.

ரீச்சர்: அண்ணை, அது அருமையான பாடம். கோதைக் கையில் வைத்து, ஒரு பருப்பா இரண்டா மூன்றா என்று முதலில் மதிப்புச் சொல்ல வேண்டும். பிறகு உடைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று இருந்த கோதெல்லாம் ஒரு வரிசை, இரண்டு இருந்தது ஒரு வரிசை, மூன்று இருந்தது ஒரு வரிசை. எந்த வரிசை நீளம்? பெரிய வகுப்பில் வரைபு கீறப் போகிற பிள்ளை அதை இப்போது பாயில் இருந்து செய்கிறது. இரண்டு, மூன்று என்பதை எண்ணாமல் பார்த்தவுடன் சொல்லவும் பழகும். சின்னவர்களுக்கு முழுப் பருப்பு கொடுக்காதீர்கள், இடித்துக் கொடுங்கள்.

துளசி அப்பா: துளசி பத்தொன்பதுக்குப் பிறகு தடுமாறுகிறாள் ரீச்சர்.

ரீச்சர்: விளக்குமாற்றில் கழித்த ஈர்க்கை முறித்து வையுங்கள். பத்து சேர்ந்ததும் றப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு. ஒரு கட்டும் மூன்று ஈர்க்கும் பதின்மூன்று. இரண்டு கட்டும் ஒன்றும் இருபத்தொன்று. தமிழில் எண்ணைச் சொல்லும்போதே கட்டும் தனி ஈர்க்கும் காதில் விழுகின்றன. ஆனால் எண்பத்தொன்பதுக்கு அடுத்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் நிற்பார்கள், தொண்ணூறு மற்றப் பத்துகளைப் போல வராது. அந்த இடத்தில் மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

கவின் அம்மா: ரீச்சர், மறைக்காமல் சொல்கிறேன். என் பயம் கவினைப் பற்றியது இல்லை. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, 2009 தொடக்கத்தில் சண்டையால் இங்கிருந்து வெளிக்கிட்டோம். உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், பிறகு செட்டிகுளத்து முகாம். தறப்பாளுக்குள் இருந்து படித்தது ஒன்றும் மனதில் நிற்கவில்லை. திரும்பி வந்து ஓ எல் சோதனை எடுத்தேன், கணிதம் சரிவரவில்லை. இவன் கணக்குக் கேட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. படித்த தாய்மார் வீட்டில் சொல்லிக் கொடுப்பதை நான் எப்படிக் கொடுப்பது?

ரீச்சர்: தங்கச்சி, இதை வாசித்து விட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். உங்கள் வயதில் எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இதே நிலை. அது உங்கள் குறை இல்லை.

ரீச்சர்: தரம் ஒன்றுக்குப் போகிற பிள்ளைக்கு ஓ எல் கணிதம் தேவையில்லை. கூட, குறைய, சமம். முன்னுக்கு, பின்னுக்கு. பாதி. இன்னும் ஒன்று போட்டால் எத்தனை. இவ்வளவும் உங்கள் குசினியில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. நீங்கள் மனதுக்குள் செய்கிற கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவனும் பக்கத்தில் இருக்கட்டும். "மூன்று சுண்டு அரிசி போட்டேன். மாமாவும் சாப்பிட வாறார். இன்னும் ஒரு சுண்டு போடுவம். இப்ப எத்தனை?" சாப்பாட்டு நேரம் கோப்பையை அவனையே வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று வைத்து ஒன்று குறைந்தால், யாரும் சொல்லாமல் அவனே எழும்பிப் போய் எடுத்து வருவான். இதற்கு மேல் எந்த ரியூசனும் அந்த வயதில் கொடுக்காது.

துளசி அப்பா: அப்போ துளசியின் ரியூசனை நிறுத்தவா? இப்போது தொடங்கினால்தான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு உதவும் என்கிறார்கள்.

ரீச்சர்: நாலு வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசிலுக்கு ஆயத்தம் செய்ய வேண்டாம் தம்பி. இதை நான் எங்கேயும் சொல்வேன். பென்சிலைக் கண்டாலே முகம் வாடுகிற பிள்ளைகளை முன்பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை எடுக்கப் பிறகு வருசக்கணக்கில் பாடுபட வேண்டும்.

ஆச்சி (பேத்தி எழுதுகிறேன்): ஆச்சி கேட்கிறா, அப்போ ஏடு தொடக்கினது என்னத்துக்கு? விசயதசமிக்கு மடியில் இருத்தி அரிசியில் "அ" எழுதித்தானே எல்லாரும் படித்தார்கள்.

ரீச்சர்: அது நல்ல தொடக்கம் ஆச்சி. விரலால் அரிசியில் எழுதினார்கள், அதுதான் சரி. முற்றத்து மணலிலும் அப்படியே எழுதட்டும். ஆனால் அடுத்த நாளே பென்சிலைக் கொடுத்து "அ" எழுது என்றால் கை கேட்காது. எவ்வளவு வளைவு அந்த எழுத்தில்! முதலில் நேர்க்கோடு, படுத்த கோடு. பிறகு ட, ப, ம. கை பழகினால் "அ" தானாக வரும்.

ரீச்சர்: கைக்குப் பலம் வரவேண்டும் என்றால் முருங்கையிலை உருவக் கொடுங்கள். பயிற்றங்காயை விரல் அளவுக்கு முறிக்கக் கொடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே நீளமா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கிற அதே விரல்கள்தான் அங்கே வேலை செய்கின்றன, அளக்கவும் பழகுகிறது.

ஆச்சி (பேத்தி எழுதுகிறேன்): துளசி இடக்கையால் எழுதுகிறாளாம், சின்னதிலேயே மாத்தி விட வேணும் என்று ஆச்சி சொல்கிறா.

துளசி அப்பா: ரியூசனிலும் அதைத்தான் சொன்னார்கள்.

ரீச்சர்: மாற்ற வேண்டாம். தயவுசெய்து மாற்ற வேண்டாம். இடக்கை குறையில்லை ஆச்சி, பிறப்பில் வருவது. கொப்பியைக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்துச் சரித்துக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளோடு இருத்தும்போது வாங்கின் இடப்பக்க ஓரத்தில் இருத்துங்கள், முழங்கை இடிபடாது. மூன்றைத் திருப்பி எழுதினாலும் பதற வேண்டாம், ஆறு ஏழு வயது வரை எந்தக் கைப் பிள்ளையும் அப்படி எழுதும்.

கவின் அம்மா: வாசிப்புக்கு என்ன செய்யலாம் ரீச்சர்? எங்கள் வீட்டில் கதைப் புத்தகம் இல்லை.

ரீச்சர்: வாசிப்பு காதில் தொடங்குகிறது. அவனுடைய பெயரிலேயே தொடங்குங்கள். கவின், கதிரை, கடகம், கத்தரிக்காய். அடுத்ததை அவன் சொல்லட்டும். நடுவில் "மாடு" என்று சொல்லிப் பாருங்கள், பிடிக்கிறானா என்று. பிறகு கைதட்டுங்கள். ப, னங், கொட், டை. நாலு தட்டு. பாட்டும் விளையாட்டுமாக ஒலியைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தைக் காட்டினால் உடனே ஒட்டிக்கொள்ளும்.

ரீச்சர்: புத்தகம் இல்லாவிட்டால் வாசிக்க ஒன்றும் இல்லை என்று இல்லை. பால்மாப் பெட்டி, சவர்க்கார உறை, பஸ் பெயர்ப்பலகை எல்லாம் எழுத்துத்தான். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் போகும்போது பலகையில் மூன்று மொழி இருக்கும். "எது எங்கள் எழுத்து?" என்று கேளுங்கள். அதற்குள் "வி" எங்கே இருக்கிறது என்று தேடட்டும். கிலோமீற்றர் கல்லில் இலக்கம் வாசிக்கலாம்.

துளசி அப்பா: துளசி "கொக்கு" என்பதை வாசிக்கும்போது "எ" என்று தொடங்குகிறாள் ரீச்சர். கொம்பைத்தான் முதலில் பார்க்கிறாள் போல.

ரீச்சர்: அவள் கண்ணால் சரியாகத்தான் பார்க்கிறாள். கொம்பு முன்னுக்கு நிற்கிறது, ஒலி பின்னுக்கு வருகிறது. அதனால் கெ, கே, கொ, கோ என்பவற்றைப் பிரித்துச் சொல்லிக் கொடுக்காமல் முழு எழுத்தாக மட்டையில் எழுதிக் காட்டுங்கள். கொ என்று ஒரு மட்டை, கொக்கு படம் பக்கத்தில். இது தரம் ஒன்று, இரண்டு வேலை. இப்போதே வந்தால் சந்தோசம், வராவிட்டால் பள்ளிக்கூடத்தில் வரும்.

கவின் அம்மா: போனில் எழுத்துப் பாட்டு போட்டுக் கொடுக்கிறேன். அது சரியா?

ரீச்சர்: கொஞ்ச நேரம் நீங்களும் கூட இருந்து பாடினால் சரி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் திரைக்கு முன்னால் இருப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று. போன் பிள்ளையிடம் திருப்பிக் கேள்வி கேட்காது. ஆச்சி கேட்பா.

ரீச்சர்: ஆச்சி, நீங்கள் பாய் இழைக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். சிவப்பு ஓலை, பச்சை ஓலை, சிவப்பு, அடுத்தது என்ன என்று கேளுங்கள். இரவில் பழைய கதை ஒன்று சொல்லுங்கள். அடுத்த நாள் அவர்களைத் திருப்பிச் சொல்ல விடுங்கள். முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன, கடைசியில் என்ன. அந்த ஒழுங்கு பிடிபட்டால் வாசித்து விளங்குவதற்குப் பாதி வழி வந்தாயிற்று.

ஆச்சி (பேத்தி எழுதுகிறேன்): ஆச்சி சந்தோசமாகச் சிரிக்கிறா. நாளைக்குப் பின்னேரம் எல்லாரையும் அனுப்பச் சொல்கிறா. பொரிவிளாங்காய் இருக்காம்.

துளசி அப்பா: மனுசியோடு கதைத்தேன். ரியூசனை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம். மிளகாய்க் கன்று நடும்போது துளசியைக் கூட்டிப் போகிறேன், வரிசைக்கு எத்தனை என்று அவள் எண்ணட்டும்.

கடை அண்ணை: கவின் அம்மா, காலையில் பாண் வந்ததும் கவினை கடைக்கு அனுப்புங்கோ. இருபது ரூபாக் குற்றி, பத்து ரூபாக் குற்றி, ஐந்து ரூபாக் குற்றி எல்லாம் மேசையில் வைக்கிறேன். மிச்சக் காசை அவனே எண்ணி எடுக்கட்டும். ஆட்கள் நிற்கிற நேரம் என்றாலும் பரவாயில்லை, காத்திருப்பார்கள்.

ரீச்சர்: கடைச் சாமான் துண்டையும் அவனே எழுதட்டும் தங்கச்சி. எழுதத் தெரியாவிட்டால் கீறட்டும். தக்காளி வேண்டும் என்றால் தக்காளிப் படம், பக்கத்தில் எத்தனை என்று இலக்கம். அதுவும் எழுத்துத்தான்.

கவின் அம்மா: இப்போதே கொப்பியோடு இருக்கிறான். மூன்று வட்டம் கீறி ஒவ்வொன்றுக்கும் காம்பு வைத்திருக்கிறான், பக்கத்தில் 3 திரும்பி நிற்கிறது. ஏழரைக்குப் பிறகு நானும் கூட வருகிறேன் அண்ணை, வீதியால் தனிய விட மாட்டேன்.

கடை அண்ணை: சரி. துண்டு விளங்காவிட்டால் அவனிடமே கேட்டுத் தருகிறேன்.