அரிட்டாபட்டி வட்டெழுத்தைப் படிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கு போன ஞாயிறு போயிருந்தேன். ஒரே மலையில் பாண்டியர் காலச் சிவன் குடைவரைக் கோயில், அதில் சைவ குரு இலகுலீசரின் சிற்பம். சமணர் குகையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, மகாவீரர் திருமேனி. அதன் கீழே அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்ததாகச் சொல்லும் வட்டெழுத்து (வளைந்த வடிவிலான பழைய தமிழ் எழுத்து). 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்!

நான் போனது உச்சி வெயிலில். போட்டோவில் எழுத்தெல்லாம் பாறையோடு பாறையாகிவிட்டது. 'ண' மட்டும் ஓரளவு பிடிபடுகிறது. காலையில் சாய்வெயில் அந்தப் பக்கம் விழுமா? பாறையைத் தொடாமல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் தெளியுமா? வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது கூட வர முடியுமா? அடுத்த முறை என் மாணவர்களையும் அழைத்துப் போகிறேன், அவர்களுக்கு வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும்.